ஏஜென்ட் போட விடலாமா?

கேள்வி: பல்லடம் ரோட்டில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஆபீஸில் ஒன்பது கம்ப்யூட்டர். இதுவரை ரிப்பேர் என்றால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது எல்லா மெஷினிலும் ஏஜென்ட் என்று ஏதோ போட்டு, அவர்கள் ஆபீஸில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு என்கிறார்கள். கணக்கு வழக்கெல்லாம் வெளியே போய்விடுமோ என்று யோசனையாக இருக்கிறது. விடலாமுங்களா?
– வாசகர், திருப்பூர்

பதில்: விடலாமுங்க. ஆனால் நாலு விஷயம் கேட்டுவிட்டு விடுங்கள்.

ஏஜென்ட் என்பது பின்னால் சத்தமில்லாமல் ஓடும் ஒரு சின்ன புரோகிராம். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம், ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா, எந்த அப்டேட் பாக்கி, சூடு எவ்வளவு என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தேவைப்பட்டால் அதன் வழியாகவே உள்ளே வந்து சரி செய்வார்கள்.

நம் ஊருக்கு இது எவ்வளவு உபயோகம் என்பதற்குப் பஞ்சு ஒன்றே போதும். நிட்டிங் மெஷின் ஓடும் இடத்துக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் இருந்தால், ஆறே மாதத்தில் சிபியு ஃபேனைக் கம்பளி மாதிரி பஞ்சு மூடிவிடும். உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு "மெஷின் ஸ்லோ" என்று மட்டும்தான் தெரியும். தூரத்தில் திரையைப் பார்க்கிறவருக்கோ, வாரத்துக்கு வாரம் சூடு ஏறுவது தெரியும். ஒரு போன், ஒரு பையன், ஒரு புளோயர், பத்து நிமிட வேலை. அப்படியே விட்டால் ஒருநாள் ஏற்றுமதி பேப்பர் போட்டுக்கொண்டிருக்கும்போது அணைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவினாசி பக்கம் ஒரு யூனிட். 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன். 18ஆம் தேதி காலை டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கும் மெஷின் ஆன் ஆகவில்லை. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம். பேக்கப் எங்கே என்று கேட்டேன். "தினமும் தானா ஏறிருமுங்க" என்றார் கணக்குப் பார்க்கும் அம்மணி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறு மெஷினில் போட்டுப் பார்த்தால் கடைசி ஃபைல் நாலு மாசத்துக்கு முந்தையது. ஆபீஸ் கூட்டும்போது யாரோ ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். ஈ டிரைவ் எஃப் டிரைவ் ஆகிவிட்டது. பேக்கப் புரோகிராம் தினமும் ஈ டிரைவைத் தேடித் தேடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் சின்னக் கட்டம் மூலையில் வரும். எல்லாரும் அதை மூடிவிட்டுத்தானே வேலை பார்ப்போம். அந்த அம்மணி செத்துப்போன மெஷினின் மவுஸைக் கையிலிருந்து விடவே இல்லை. நாலு மாச பில்லையும் மூட்டையிலிருந்து எடுத்து மறுபடி அடித்தார்கள். ரிட்டர்ன் தள்ளிப்போய் அபராதமும் வட்டியும் கட்டினார்கள்.

பேக்கப்பையும் கவனிக்கச் சொல்லி ஒரு ஏஜென்ட் இருந்திருந்தால் மறுநாளே சிவப்பு காட்டியிருக்கும். அதனால்தான் விடலாம் என்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கம்பெனிக் கணக்கை உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். பச்சை விளக்கு மட்டும் போதாது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானதே. ஏஜென்ட்டுக்கு மெஷினில் முழு அதிகாரம் உண்டு. அதைப் பிடித்திருப்பவர் நினைத்தால் எந்த ஃபைலையும் எடுக்கலாம். அவரைவிடப் பெரிய கவலை, அவருடைய சர்வருக்குள் வேறொருவன் புகுந்துவிடுவது. 2021 ஜூலை 2 அன்று அமெரிக்காவில் கசேயா என்ற நிறுவனத்தின் இப்படிப்பட்ட மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக மெஷினைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஆர்ஈவில் என்ற கும்பல் நுழைந்தது. அந்த மென்பொருளை வைத்திருந்தவர்களில் நேரடியாக அடிபட்டவை அறுபதுக்கும் குறைவான நிறுவனங்கள். ஆனால் அவை பார்த்துக்கொண்டிருந்த 1,500 வரையிலான சின்னச் சின்னத் தொழில்களின் மெஷின்கள் பூட்டிக்கொண்டன. ஸ்வீடனில் கூப் என்ற கடைகளில் பில் போடும் மெஷின் ஓடாமல் சுமார் 800 கடைகளை மூடினார்கள். அந்தக் கடைக்காரர்கள் கசேயா பெயரைக் கேட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்.

ஆகவே கேளுங்கள்: உங்கள் கன்ட்ரோல் திரைக்குள் போகப் பாஸ்வேர்டோடு போனில் வரும் இரண்டாவது எண்ணும் வேண்டுமா? ஒவ்வொரு பையனுக்கும் தனி லாகின் இருக்கிறதா, இல்லை எல்லாரும் ஒரே பாஸ்வேர்டா? எங்கள் மெஷினுக்குள் யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவை மாதாமாதம் தருவீர்களா? ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் ஏஜென்ட்டை எடுப்பீர்கள்? நான் பார்த்தவரை கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. போன கம்பெனி, அதற்கு முந்தைய கம்பெனி என்று ஒரே மெஷினில் மூன்று பேருடைய கதவு திறந்தே கிடக்கும். புதிதாகப் போடுவதற்கு முன்னால் பழையதை உங்கள் எதிரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பேக்கப்பில் ஒரு பிரதி கம்ப்யூட்டரோடு சேராமல் பீரோவில் இருக்கட்டும்.

கேள்வி: கோபியிலிருந்து வாரம் இரண்டு நாள் வீட்டில் இருந்தே மெர்ச்சண்டைசர் வேலை செய்கிறேன். கம்பெனி லேப்டாப்பில் ஐடி டீம் ஏதோ மென்பொருள் போட்டிருக்கிறது. நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார்களா அண்ணா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மெஷினைக் கவனிக்கும் மென்பொருள் வேறு, ஆளைக் கவனிக்கும் மென்பொருள் வேறும்மா. முதல் வகை டிஸ்க்கையும் அப்டேட்டையும் என்னென்ன புரோகிராம் இருக்கிறது என்பதையும் பார்க்கும். இரண்டாவது வகை சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும், எத்தனை தடவை கீ தட்டினீர்கள் என்று எண்ணும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது எது என்று மெயில் போட்டுக் கேளுங்கள்; கேட்பதில் தப்பில்லை. திரைக்குள் வரும்போது உங்களிடம் "அனுமதிக்கிறீர்களா" என்று கேட்கும்படி வைக்க முடியும். அதை வைக்கச் சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்ளும் எல்லா இடத்திலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நம் மெஷினில் மவுஸ் தானாக நகர்வதைப் பார்க்கிறவருக்கு வயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதுவரை சொந்த பேங்க் வேலை, குழந்தை போட்டோ, குடும்பப் பேச்சு எதையும் அந்த லேப்டாப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஈபி பில் கட்டவில்லை, இன்று ராத்திரி கரண்ட் கட் என்று அப்பாவுக்கு மெசேஜ். அந்த நம்பருக்குப் பேசியதும் ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, அதில் வரும் எண்ணைக் கேட்டிருக்கிறான். அப்பா சொல்லிவிட்டார். என்ன செய்வது?
– வாசகர், தாராபுரம்

பதில்: போனை உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள்; பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே பேசுங்கள். அந்த மாதிரி ஆப்பில் வரும் எண், ஐடி ஆட்கள் தூரத்திலிருந்து உள்ளே வந்து உதவி செய்யப் பயன்படுத்துகிற அதே எண்தான். எனிடெஸ்க் என்ற இப்படிப்பட்ட ஆப்பின் பெயரைச் சொல்லி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. ஆப்பை மட்டும் அழித்துவிட்டு விடாதீர்கள். முக்கியமானதைக் காப்பி எடுத்துவிட்டு போனையே ரீசெட் செய்யுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லமாட்டார்.

கேள்வி: ராத்திரி மெயினை அணைத்துவிட்டுத்தான் போவோம். ஐடி ஆட்கள் கம்ப்யூட்டரை ஆனில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். பஞ்சு கிடக்கிற இடம், பயமாக இருக்கிறது.
– வாசகர், சோமனூர்

பதில்: அணைத்துவிட்டே போங்கள். அப்டேட் ராத்திரியில்தான் ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் விடும்; நமக்கு அது செவ்வாய் ராத்திரி. புதன்கிழமை ஒரு மெஷினில் போட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக ஓடினால் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் மற்ற மெஷின்களுக்கும் ஏற்றும்படி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். 2017 மே 12ஆம் தேதி வன்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மெஷினை அணைக்க வேண்டாம் என்று மட்டும் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.