அரட்டையைப் படிப்பதற்கும் ஒரு பிஎச்.டி.யா?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், மாணவர்கள் இணையக் குழுக்களில் சேர்ந்து எப்படிக் கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை ஆராயப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எழுந்த கலவரத்தை விரிவாகவே எழுதியிருக்கிறீர்கள். "அடுத்தவர் அரட்டையைப் படிப்பதற்கும் ஒரு பிஎச்.டி.யா?" என்ற உங்கள் கேள்வியில் கோபம் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் யாராவது என்னிடம் இப்படி வந்து நின்றிருந்தால் நானும் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கத்தான் சொல்லியிருப்பேன்.

இந்தத் துறைக்குக் கணினிவழிக் கூட்டுக் கற்றல் என்று பெயர். கற்றல் அறிவியல் என்ற பெரிய குடும்பத்தின் ஒரு கிளை இது. இதற்கென்றே தனி மாநாடு 1995-லும் தனி ஆய்விதழ் 2006-லும் தொடங்கிவிட்டன. ஆகவே உங்கள் மகள் நேற்று முளைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இதில் என்னதான் ஆராய்வார்கள் என்பதை விளக்கங்களைவிட ஓர் எடுத்துக்காட்டே எளிதாகச் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கெர்ரி ஸ்டால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பள்ளி மாணவர்களை மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாக இணையத்தில் கூட்டிக் கணக்குகளைப் பேசவிட்டார்கள். திரையின் ஒரு பக்கம் பொதுவான வரைபலகை, மறுபக்கம் அரட்டைப் பெட்டி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. 2006-ல் நடந்த அமர்வு ஒன்றில், சிறு முக்கோணங்களால் ஆன அறுகோணத்தில் மொத்தம் எத்தனை முக்கோணங்கள் இருக்கும் என்று ஒரு குழு பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை உடன்வந்த மாணவர் ஒருவர், நீங்கள் சொல்லும் அறுகோணம் எனக்குத் தெரியவில்லை, யாராவது படத்தில் அதைக் காட்ட முடியுமா என்று தட்டினார். மற்றவர்கள் அதன் எல்லையைப் பலகையில் எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அறுகோணத்தை ஆறு பெரிய முக்கோணங்களாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் 1+3+5 என்று அடுக்கடுக்காகச் சிறு முக்கோணங்கள் வரும் என்ற வழி அந்தக் குழுவுக்குப் பிடிபட்டது. பக்கம் 3 என்றால் ஒரு பங்கில் 9, ஆறு பங்கிலும் சேர்த்து 54. பக்கம் n என்றால் 6n². கணிதம் படிக்கும் உங்கள் மகள் இதை ஒரு நிமிடத்தில் எழுதிவிடுவாள். ஆனால் ஆய்வாளருக்கு விடை முக்கியமில்லை. "எனக்குத் தெரியவில்லை" என்ற அந்த ஒரு வரி வந்திராவிட்டால் மூவரும் மூன்று வேறு அறுகோணங்களை மனத்தில் வைத்துக்கொண்டே பேசியிருப்பார்கள் என்பதும், அந்த வரிதான் ஒரே படத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்கும்படி செய்தது என்பதும்தான் அவருக்குக் கண்டுபிடிப்பு. வகுப்பறையில் இதே வரியைச் சொல்கிற பிள்ளையை நாம் மந்தமானவன் என்று குறித்துக்கொள்வதுண்டு.

இப்படிப் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி கடினமானது. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்கும் ஒழுங்கைச் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர்கள் மூவர் 1974-லேயே விரித்து எழுதிவிட்டார்கள். அரட்டையில் அந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு கல்லூரிக் குழுவில், "இங்க ஏன் ரெண்டால வகுக்கணும்?" என்று ஒருத்தி கேட்கிறாள், அடுத்து வருவது விடை அன்று, யாரோ அனுப்பிய ரெக்கார்டு நோட்டின் படம், அதற்குக் கீழே "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று ஒருவர், அதற்கும் கீழே "ஒவ்வொரு ஜோடியையும் ரெண்டு தடவை எண்ணிட்டோம்ல" என்று ஒருவன், கடைசியில் கேட்டவளிடமிருந்து "ம்ம்" என்று ஒரு வரி. எந்த வரி எந்த வரிக்கு மறுமொழி என்று கோடு போட்டு இணைப்பதுதான் ஆய்வாளரின் முதல் வேலை. அந்த "ம்ம்" புரிந்துவிட்டது என்பதா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதா, போதும் விடு என்பதா? அதற்கு முன் எத்தனை நிமிடம் மௌனம், அதற்குப் பின் அவள் அதே வழியில் அடுத்த கணக்கைப் போட்டாளா என்று பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. யார் எத்தனை செய்தி அனுப்பினார்கள் என்று எண்ணி வரைபடம் போட்டுவிட்டு, அதிகம் பேசியவர் அதிகம் கற்றார் என்று எழுதுவது எளிது. அது பெரும்பாலும் தவறான ஆய்வாகவே இருக்கும்.

எண்ணுவதற்கும் இடம் இல்லாமல் இல்லை. வரிகளைக் கேள்வி, விளக்கம், மறுப்பு, ஒப்புதல் என வகைப்படுத்தி, இருவர் தனித்தனியே அதே வேலையைச் செய்து, இருவரின் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கோஹென் காப்பா போன்ற அளவையால் சரிபார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான உரையாடல்களை இதேபோல வகைப்படுத்தக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் பணியும் நடக்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கேரலின் ரோஸே என்ற ஆய்வாளர் நெடுங்காலமாகச் செய்துவருவது அதைத்தான். உங்கள் மகளின் கணிதமும் புள்ளியியலும் உதவப்போவது இந்தப் பக்கத்தில்தான். நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பும் இருப்பதாக நான் நினைக்கிறேன். நம் மாணவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், "புரியல" என்ற ஒரு சொல்லையே ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுகிறார்கள், ஒரே வாக்கியத்தில் பாதி ஆங்கிலக் கலைச்சொல்லும் பாதி வீட்டுத் தமிழுமாக வருகிறது. ஆங்கில உரையாடல்களை வைத்துப் பழக்கிய கருவி இதில் தடுமாறும். இந்த மொழிக்குள்ளேயே வளர்ந்த ஒருவர் அந்த "ம்ம்" எவற்றையெல்லாம் குறிக்கலாம் என்பதை எளிதில் அறிவார்.

சரி, உங்கள் மகளுக்கு இது பொருந்துமா? இதற்கு மதிப்பெண் பட்டியல் விடை சொல்லாது. ஆகவே ஒரு சோதனை சொல்கிறேன். அவளுடைய தோழிகள் குழுவில் ஒரே ஓர் இரவின் படிப்புப் பேச்சை, இருநூறு வரிக்கு மிகாமல், எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் குழுவிலுள்ள ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கட்டும். ஒருவர் மறுத்தாலும் அவருடைய வரிகளை விட்டுவிடட்டும். எல்லாப் பெயர்களையும் மாற்றிவிடட்டும். பிறகு வரிசை எண், நேரம், பேசியவர், பேச்சு, எந்த வரிக்கு மறுமொழி என்று ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்து, குழுவின் புரிதல் எந்தெந்த இடத்தில் திரும்பியது என்பதை வரி எண்ணைச் சுட்டி இருபது பக்கம் எழுதட்டும். மாலை நேரங்களில் செய்தால் மூன்று வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே அலுத்துவிட்டால், அவளுக்குப் பிடித்தது குழுவில் பேசுவதுதானே தவிர அதை ஆராய்வது அன்று என்று தெரிந்துவிடும். அதுவும் நல்ல செய்திதான், ஐந்து ஆண்டுகள் மிச்சம்.

சம்மதத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வந்த மாணவர் ஒருவர் தாம் உறுப்பினராக இருந்த குழுக்களிலிருந்து யாரிடமும் கேட்காமல் ஓராண்டுப் பேச்சைத் திரட்டி வைத்திருந்தார். ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் முன் ஒரு வரியைக்கூட அவரால் பயன்படுத்த முடியாமல் போயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் பேச்சு என்றால் இன்னும் கவனம் தேவை. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் தொடங்கவே கூடாது.

எங்கே படிப்பது என்றால், மும்பையில் இரண்டு இடங்களை முதலில் பார்க்கச் சொல்வேன். ஐ.ஐ.டி. பம்பாயில் கல்வித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் உண்டு; மான்குர்டிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் அறிவியல், கணிதக் கல்வியில் முனைவர் பட்டம் உண்டு. பின்னது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். கணிதம் படித்தவர் கல்வி ஆய்வுக்கு வருவதை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. தமிழகத்திலேயே இருக்க வேண்டும் என்றால் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத்துக்குத் தனித்துறை இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் துறையின் பெயரைவிட வழிகாட்டியின் பெயரைப் பாருங்கள்; அவர் அண்மையில் எழுதிய கட்டுரைகள் இரண்டையாவது உங்கள் மகள் படித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவள் கணிதப் பட்டதாரி என்பதால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வையும் கேட் (GATE) தேர்வையும் இந்த ஆண்டே எழுதட்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023-ல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும் வரும், வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் கையை எதிர்பார்க்காமல் படித்து முடிக்கலாம்.

வேலையைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. இந்தத் துறையின் பெயரிலேயே விளம்பரமாகும் பேராசிரியர் பணியிடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. இணையக் கல்வி நிறுவனங்கள் கொரோனாக் காலத்தில் ஆட்களை அள்ளிச் சேர்த்தன, 2022-க்குப் பிறகு அதே வேகத்தில் ஆட்குறைப்பும் செய்தன. அவற்றை நம்பி மட்டும் இறங்கக் கூடாது. ஆனால் பாட வடிவமைப்பு, ஆசிரியர் பயிற்சி, மதிப்பீடு, பயனர் ஆய்வு ஆகிய இடங்களில், மனிதர்கள் எங்கே குழம்புகிறார்கள் என்பதைச் சான்றுடன் காட்டத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது. அதனால் முனைவர் பட்டத்தோடு பைத்தான் நிரல்மொழி, புள்ளியியல் இரண்டிலும் அவள் கை பழகியிருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பள்ளி ஆசிரியர் பணிக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் முதலில் பி.எட். முடிப்பதிலும் தவறில்லை, அதில் கிடைக்கும் வகுப்பறை அனுபவம் இந்த ஆய்வுக்கு வீணாகாது.

திருமணப் பேச்சைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது உங்கள் வீட்டு விஷயம். அதை அவளிடமே கேட்பதுதான் முறை. இப்போதைக்கு அந்த மூன்று வாரத்தை மட்டும் அவளுக்குக் கொடுங்கள். இருபது பக்கத்தை எழுதி முடித்ததும், பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டுவிட்டனவா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.