இரவு பத்து மணிக்கு முடிகிற வேலை (கடிதம்)

அன்புள்ள அக்கா,

யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே லண்டன் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். காலை 9 மணிக்கு லேப்டொப்பைத் திறந்தால் மூட இரவு 10 ஆகிறது. உடம்பையும் பார்க்கவேண்டுமே என்று விடிய 4.30க்கு எழும்பி யோகா, தியானம், பிறகு பண்ணைக் கடற்கரையில் நடை. கடிகாரத்தில் 10,000 அடி வராவிட்டால் அன்று முழுக்க மனம் உறுத்தும். இவ்வளவு செய்தும் களைப்புப் போகவில்லை. வேலையை விட்டுவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

யோகா இருக்கிறது, தியானம் இருக்கிறது, நித்திரை எங்கே? பத்து மணிக்கு மூடிவிட்டுச் சாப்பிட்டு, கொஞ்சம் ஃபோனையும் நோண்டிவிட்டுப் படுக்க எப்படியும் பன்னிரண்டாகும், 4.30க்கு அலாரம் அடித்துவிடும், பிறகு களைப்பு எங்கே போவது?

சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் நாளுக்கு 12 மணி நேரம், வாரம் 5 நாள் என்றாலே 60. நம் நாட்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலேயே நாளுக்கு 8, வாரத்துக்கு 45 என்று எல்லை போட்டுவிட்டது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லின. இதைப் பண்ணையில் வேர்க்க வேர்க்க நடந்து ஈடுகட்டிவிடலாம் என்று நான் நம்பவில்லை. அந்த 10,000 அடியும் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானியோடு பரவிய எண்தான், எந்த டொக்டரும் எழுதித் தந்ததில்லை. வாரம் 150 நிமிடம் சுறுசுறுப்பாக நடந்தால் போதும். மிச்சத்துக்குக் கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள், ஒரு மனேஜர் போதாதென்று கையிலும் ஒருவரைக் கட்டிக்கொண்டு திரிவானேன்?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். தோட்டக்காரர் இருட்டோடு வந்து பம்பைப் போட்டு, வாய்க்காலில் மண்ணை வெட்டி வெட்டித் தண்ணீரைப் பாத்தி மாற்றிவிட்டு, வெயில் ஏறினதும் மாமர நிழலில் சாரத்தை விரித்துப் படுத்துவிடுவார். பின்னேரம்தான் மறுபடி மண்வெட்டி. (அவருடைய முதுகுவலியும் எனக்குத் தெரியும், தோட்ட வேலை சொர்க்கம் என்று கதைவிட வரவில்லை.) அவரை நிறுத்த வெயில் இருக்கிறது, உங்களை நிறுத்த ஒன்றுமில்லை.

லண்டனில் காலை 9 என்றால் இங்கே கோடையில் 1.30, குளிர்காலத்தில் 2.30. உங்கள் ஆட்கள் எழும்புவதற்கு முன்பே நீங்கள் ஏன் போய்க் குந்துகிறீர்கள்? யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், நல்ல பெயருக்காக நாமே தொடங்கிவைக்கிற பழக்கம் இது. ஏழு மணிவரை நித்திரை கொள்ளுங்கள். காலையில் சந்தைக்குப் போங்கள், அம்மாவோடு கதையுங்கள், லேப்டொப்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தால் போதும்.

வேலையை இப்போது விடவேண்டாம். இரவுக் கூட்டங்களை வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்தமுடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். மாட்டோம் என்றால், அங்கே இருந்துகொண்டே வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.