கொசுறு கேட்டால் செயலி கொடுக்குமா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மதுரை கீழமாசி வீதிப் பக்கம் 31 வருடம் மளிகைக் கடை நடத்தியவர்.)

கேள்வி: எங்கள் தெருமுனையில் இருந்த செல்போன் கடையைப் போன மாதம் மூடிவிட்டார்கள். எல்லோரும் ஆன்லைனிலேயே வாங்குகிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் கடை என்று ஒன்று மிஞ்சுமா?
- ராஜபாளையம் வாசகர்

பதில்: மிஞ்சும். எல்லாக் கடையும் மிஞ்சாது. செல்போன் கடை மூடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சீல் வைத்த பெட்டிச் சரக்கு எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். அலமாரியில் இருந்து பெட்டியை எடுத்து மேஜை மேல் வைப்பதுதான் கடைக்காரரின் வேலை என்றால், அதை டெலிவரி தம்பி வாசல்வரை வந்தே செய்துவிடுகிறார். வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிக்கொண்டு அவரோடு மல்லுக்கு நிற்க முடியாது.

இந்தப் பயம் எங்களுக்குப் புதிதில்லை. டிபார்ட்மெண்டல் ஸ்டோர் வந்தபோது ‘அண்ணாச்சி கடை அவ்வளவுதான்’ என்றார்கள். 2012இல் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம்வரை அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தபோது, இங்கே மாநில அரசே அதை எதிர்த்தது. நாங்களும் கடையடைப்பு, கறுப்புக்கொடி என்று கிளம்பினோம். அடுத்த வருடமே அமேசான் இந்தியாவில் கடை விரித்தது. 2007இல் புத்தகம் விற்க ஆரம்பித்த ஃபிளிப்கார்ட் அதற்குள் பெரிய ஆளாகியிருந்தது. நாங்கள் வாசலில் காவல் நின்றோம், சரக்கு போன் வழியாக வந்தது.

போன தை மாதம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குக்கர் விசில் அடிக்காமல் பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி விட்டது. காஸ்கெட் தளர்ந்துவிட்டது. மருமகள் போனிலேயே ‘5 லிட்டர்’ என்று பார்த்து ஆர்டர் போட்டாள். மூன்றாம் நாள் வந்தது, மூடியில் உட்காரவில்லை. லிட்டர் ஒன்றாக இருந்தாலும் உள்மூடிக்கும் வெளிமூடிக்கும் காஸ்கெட் வேறு. திருப்பி அனுப்பினோம். இரண்டாவதாக வந்ததும் அதே அளவு.

மூடியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். அவர் லிட்டரே கேட்கவில்லை. மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார், ஆணியில் மாலை மாதிரி தொங்கியதில் ஒன்றை உருவினார், கட்டைவிரலால் சுற்றி அழுத்தி உட்கார வைத்தார். அப்புறம் சேப்டி வால்வை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுவும் போகப்போகுது, மாத்திடவா?” என்றார். ‘இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்’ என்று செயலியும் சொல்லத்தான் செய்கிறது. என் வீட்டு மூடியை அது தொட்டுப் பார்க்கவில்லையே.

சரக்கைக் கையில் எடுத்து ஏதாவது ஒரு வேலை செய்கிற கடை நிற்கும். தைத்துக் கொடுப்பவர், அரைத்துக் கொடுப்பவர், பிரித்துக் கொடுப்பவர். பிரித்துக் கொடுப்பதை லேசாக நினைக்காதீர்கள். கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்ததால்தான் கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கும் ஷாம்பு போனது. அந்த ஒற்றைப் பாக்கெட்டைக் கத்தரித்துக் கொடுக்க ஒரு கடை வேண்டும். ஒரு ரூபாய் சரக்குக்கு யார் வண்டி அனுப்புவார்கள்?

கேள்வி: சில்லறைக்குப் பதில் மிட்டாய் திணித்தவர்கள், எடையில் கை வைத்தவர்கள் நீங்கள். இப்போது உங்களுக்கு ஏன் அனுதாபப்பட வேண்டும்?
- திருச்சி வாசகி

பதில்: பட வேண்டாம் அம்மா. மிட்டாய் நானும் கொடுத்திருக்கிறேன். அதே மிட்டாயைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டினால் காசாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். 2016இல் யுபிஐ வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிழைப்பு போனது. இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா உட்கார்ந்துகொண்டு வந்த காசைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பற்று நோட்டைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் கண்கலங்குகிறார்கள். பற்று வீட்டுக்குப் பருப்பில் கிலோவுக்கு ஒன்று, இரண்டு ரூபாய் கூட்டித்தான் எழுதினேன். அவர்களுக்கும் அது தெரியும். சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் பிள்ளைக்குப் பால்பவுடர் கொடுத்தனுப்பியதும் அதே நோட்டில்தான் இருக்கிறது. இன்றைக்குச் செயலியும் கடன் தருகிறது, தேதி தவறினால் அபராதம் ஏறும். என்னிடம் தவறினால் நாலு பேச்சு விழும். எது மலிவு என்பது அவரவர் ரோஷத்தைப் பொறுத்தது.

கேள்வி: சென்னையில் மகள் வீட்டில் பத்து நிமிடத்தில் கொத்தமல்லிக்கட்டு வருகிறது. எப்படி ஐயா முடிகிறது?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: பக்கத்திலேயே கடை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டார்க் ஸ்டோர் என்கிறார்கள். உள்ளே அலமாரி, சரக்கு, எடுத்துக் கொடுக்க ஆள், எல்லாம் உண்டு. நாமதான் உள்ளே போக முடியாது. கடையை ஒழிக்க வந்தவர்களே தெருவுக்குத் தெரு கடை பிடிக்க வேண்டியதாகிவிட்டது பாருங்கள். அந்த வண்டித் தம்பிகள் சிக்னலில் படும் பாட்டைப் பார்த்தால் எனக்குக் கொத்தமல்லி இறங்காது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிக்சி இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. ‘விற்றவரைக் கேளுங்கள்’ என்கிறார்கள். யாரைப் பிடிப்பது?
- நாகர்கோவில் வாசகி

பதில்: முதலில் பில்லை எடுத்து விற்பனையாளர் பெயரைப் பாருங்கள். அந்நிய முதலீட்டில் நடக்கும் தளங்கள் தங்கள் சொந்தச் சரக்கை நமக்கு நேரடியாக விற்க நம் நாட்டு விதி பொதுவாக இடம் தருவதில்லை. பிறர் விற்கும் சந்தையாகத்தான் இருக்க முடியும். அதனால்தான் அந்தப் பதில் வருகிறது. அதற்காகத் தளம் கையைக் கழுவிவிட முடியாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் உங்கள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். மிக்சி வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நானும் மளிகைக் கடைக்காரன். வியாபாரம் சுமாராகப் போகிறது. ஆனால் மகன் கடைக்கு வரமாட்டேன் என்கிறான். இதற்கும் ஆன்லைன்தானே காரணம்?
- தேனி வாசகர்

பதில்: இல்லை அண்ணாச்சி. நம்மைப் பார்த்துதான் வரமாட்டேன் என்கிறான். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் இறக்கி, ராத்திரி பத்தரைக்கு ஷட்டர் இழுத்து, தீபாவளிக்குக்கூட மத்தியானம்தான் வீட்டுக்குப் போனோம். எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்? எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் மூடின மளிகைக் கடைகளில் பாதிக்கு மேல் வியாபாரம் இல்லாமல் மூடவில்லை, உட்கார ஆள் இல்லாமல் மூடினார்கள். பழியைத் தூக்கி போன் மேல் போட்டுவிட்டோம்.

என் மகனும் வரவில்லை, தம்பி மகன்தான் நடத்துகிறான். 2020 ஊரடங்கில் சீட்டை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான், இன்றைக்கும் பாதி வியாபாரம் அதில்தான். ‘து.ப. 1, உ.ப. ½, சீ. 100’ என்று கிறுக்கி வரும். ‘சீ’ என்றால் சீரகமா, சீனியா? எந்த வீட்டுச் சீட்டு என்று சொன்னால் நான் சொல்லிவிடுவேன். அதற்குத்தான் என்னை இன்னும் கூப்பிடுகிறான்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிடுகிறான். முதல் மாதம் சண்டை போட்டேன், வாடிக்கை போய்விடும் என்று. ஒருவரும் போகவில்லை. சனிக்கிழமையே வாங்கிக்கொள்கிறார்கள்.