என் போட்டி 30 கிலோ பெட்டியோடு

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் சின்னதாகத் தொழில் நடத்துபவர்கள் அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள்? உங்களைப் பற்றி உங்களுக்கே புதிதாக என்ன தெரிந்தது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

நான் பொடி விற்கிறேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, அவ்வப்போது எள்ளுப் பொடி. ஈசூனில் எங்கள் நான்கறை வீட்டு அடுப்பில் வறுத்து, மிக்ஸியில் அரைத்து, பாட்டிலில் அடைத்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுக்கிறேன். வாரநாளில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. பொடி வேலை சனிக்கிழமை.

ஆரம்பித்தது 2020இல். மார்ச் கடைசியில் இரண்டு பக்கமும் கதவு சாத்தியாயிற்று. இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது, சிங்கப்பூர் குறுகிய கால வருகையாளர்களைத் தடுத்தது. ஏப்ரல் 7 முதல் இங்கே நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம், அதாவது கொரோனா முடக்கம். மே 12 முதல் வீட்டில் சமைத்து விற்பவர்கள் மீண்டும் இயங்கலாம் என்றார்கள். அந்த வாரமே, அதுவரை தோழிகளுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த இட்லிப் பொடியை விலை போட்டுப் பதிவிட்டேன். ஆர்டர் கொட்டியது. உளுந்து வறுத்தே கை ஓய்ந்தது. "அக்கா, அப்படியே எங்கம்மா பொடி மாதிரியே இருக்கு" என்று யார் யாரோ எழுதினார்கள். நம் கைப்பக்குவம் அப்படி என்று நானும் நினைத்துக்கொண்டேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

2021 நவம்பர் 29 அன்று, தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் இந்தியாவிலிருந்து வரலாம் என்று சிறப்புப் பயணத் தடம் திறந்தது. எல்லாரும் டிக்கெட் போட்டார்கள். அடுத்த ஜனவரியில் என் வாட்ஸ்அப் அமைதியாகிவிட்டது. மாதம் தவறாமல் மூன்று பாட்டில் வாங்கும் ஒரு பெண், "அக்கா, அம்மா வந்திருக்காங்க, இப்போதைக்கு வேண்டாம்" என்று எழுதினார். இன்னொருவர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர். அவர் எழுதக்கூட இல்லை.

அந்தச் சமயத்தில் செங்காங்கில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். தயிர் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். கதவுத் தட்டு முழுக்கப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். மூடியைச் சுற்றிப் பழுப்பு நிற டேப், விமானத்தில் கொட்டிவிடக் கூடாது என்று அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட். டேப்பின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் "மி.பொடி", "ப.பொடி", ஒன்றில் மட்டும் "காரம் கம்மி, பாப்பாவுக்கு". தோழி கொஞ்சம் கையில் போட்டார். கரகரவென்று அரைத்திருந்தது, பெருங்காயம் முன்னால் வந்தது. உப்பு ஒரு சிட்டிகை தூக்கல் என்பது என் தொழில்முறைக் கருத்து. ஆனால் அந்த "பாப்பாவுக்கு" பாட்டிலோடு எந்த வியாபாரி போட்டி போட முடியும்?

அதுவரை என் போட்டி தேக்காவில் (லிட்டில் இந்தியா) இருக்கும் மளிகைக் கடைகளோடு என்று நினைத்து, அவர்கள் விலையைப் பார்த்துப் பார்த்து என் விலையை வைத்துக்கொண்டிருந்தேன். நிஜப் போட்டி சாங்கி விமான நிலையத்தில் பெல்ட்டில் சுற்றி வரும் 30 கிலோ பெட்டி. அது வராத காலத்தில்தான் என் பொடி அப்படிப் போயிருக்கிறது. ருசி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிக்குப் பாதியாவது விமானம் பறக்காததன் லாபம். இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஒத்துக்கொண்ட பிறகு தொழில் சுலபமாயிற்று என்பதுதான் வேடிக்கை.

ஏனென்றால் அப்புறம் நாள்காட்டி புரிந்துவிட்டது. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி நிறையக் கொண்டுவருகிறார்கள், அதனால் ஜனவரி, பிப்ரவரி வறட்சி. மார்ச்சில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் காலியாகத் தொடங்கும், ஆர்டர் துளிர்க்கும். ஜூன் விடுமுறை மறுபடி ஒரு பள்ளம், ஆனால் சின்னப் பள்ளம். புரட்டாசியில் சைவம் இருக்கிறவர்களால் பருப்புப் பொடி நன்றாகப் போகும். தீபாவளிக்கு எல்லாரும் முறுக்கு கேட்பார்கள், நான் செய்வதில்லை. முறுக்குக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் பொறுமை என்னிடம் இல்லை. இப்போது ஜனவரியில் உளுந்து வாங்கிக் குவிக்காமல், "ஏன் ஆர்டர் வரவில்லை" என்று இன்ஸ்டாகிராமைத் திறந்து திறந்து பார்க்காமல், நிம்மதியாகத் தைப்பூசத்துக்குப் போய்வருகிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. பெட்டி வந்த பிறகும் யார் என்னிடம் வாங்குகிறார்கள் என்று பார்த்தால், அவர்களுக்குப் பெட்டி கொண்டுவர ஆளே இல்லை. தோபாயோவில் ஓர் ஆன்ட்டி இருக்கிறார். தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். "ஊருக்குப் போகலையா ஆன்ட்டி?" என்று ஒரு முறை கேட்டேன். "எந்த ஊரு லா? எங்களுக்கு இதான் ஊரு" என்றார். அவருக்குப் பூண்டு போட்ட பொடிதான் வேண்டும், அவர் அம்மா அப்படித்தான் செய்வாராம். அவருக்காகச் செய்யப்போய் இன்று பட்டியலில் அதிகம் போவது பூண்டுப் பொடிதான்.

அடுத்த கூட்டம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள். வாடகை விளம்பரத்திலேயே "லைட் குக்கிங் மட்டும்" என்று போட்டிருப்பார்கள். அதாவது தாளிக்கக் கூடாது. அந்தப் பையன்கள் ரொட்டியில் நெய் தடவிப் பொடி தூவிச் சாப்பிடுகிறார்கள், சோற்றுக்கும் அதுதான். அவர்களுக்கு 200 கிராம் பாட்டில் பெரிது, ஜிப் வைத்த 50 கிராம் பை கேட்டார்கள். அந்தப் பையை ஒருவர் அலுவலகத்தில் வைத்திருக்கப்போய், பக்கத்து மேசைச் சீன நண்பர் அரை வேக்காட்டு முட்டையில் மிளகுத்தூளுக்குப் பதில் தூவிப் பார்த்திருக்கிறார். இப்போது அவர் நேரடி வாடிக்கையாளர். இவர்கள் யாரும் "எங்கம்மா பொடி மாதிரி" என்று எழுதுவதில்லை. காரம் தூக்கல், பை ஒட்டவில்லை, இந்த முறை எள் கசக்கிறது என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்த வகை வாடிக்கையாளர்களைத்தான் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததே எனக்கு ஆச்சரியம். பாராட்டுக்கு ஏங்குகிற ஆள் நான் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

விலை விஷயத்துக்கு வருகிறேன், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் திணறுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறோம் என்றவர்கள் 2.5 விழுக்காடு. ஒரு லட்சம் பேர் சுமாருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் என்றால் முகம் தெரியாதவருக்கு விற்பது என்று எங்கோ படித்திருப்பீர்கள். இங்கே அப்படி நடக்காது. வாங்குகிறவர் உங்கள் கணவரின் நண்பர் மனைவிக்குத் தெரிந்தவராக இருப்பார், அல்லது கோயிலில் பார்த்திருப்பார். "என்னம்மா, இந்தக் காசுக்கு ஊர்ல ஒரு கிலோ வாங்கலாமே" என்பார். வாங்கலாம்தான். "ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆர்டரைப் பார்ப்பேன். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அது பேரத்தில் போய் முடியும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 200 கிராம் பாட்டில் 8 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பருப்பு, மிளகாய், எள், பாட்டில், லேபிள் எல்லாம் சேர்த்து 3 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. மிச்சத்தில் கேஸ், மின்சாரம், என் சனிக்கிழமை. இதில் ஒரே ஒரு பாட்டிலைக் கூரியரில் அனுப்பினால் அனுப்பும் செலவே பாட்டில் விலையில் பாதி வரும். அதனால் கூரியர் என்றால் குறைந்தது மூன்று பாட்டில். இல்லையென்றால் ஞாயிறு மாலை ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். வருகிறவர் டிக்கெட் கேட்டுக்கு உள்பக்கம் நிற்பார், நான் வெளிப்பக்கம். தடுப்புக்கு மேலே பை கைமாறும், அவர் அடுத்த ரயிலைப் பிடிப்பார். கேட்டின் இரண்டு பக்கமும் என்னைப்போல் கேக், செருப்பு, குழந்தை உடை என்று கைமாற்றிக்கொண்டு நிற்பவர்களை அங்கே பார்க்கலாம். சிங்கப்பூரின் ஆன்லைன் வணிகத்தில் ஒரு பகுதி அந்தத் தடுப்புக்கு மேலேதான் நடக்கிறது.

பணம் பேநவ் வழியாக (கைபேசியிலேயே வங்கிக் கணக்குக்கு அனுப்புவது), முன்பணமாக மட்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிச் செயலியில் பார்த்துவிட்டுத்தான் உறுதி சொல்வேன், தெரிந்தவராக இருந்தாலும். இதை விலைப் பட்டியல் படத்திலேயே எழுதிவிட்டேன். நான் வாயால் சொன்னால் "என்ன இப்படிக் கறார்" என்று தோன்றும், பட்டியல் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அதேபோல் வாடிக்கையாளர்களை ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியல் போதும். 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். அதுவும் ஒரு வகையில் நல்லதே. எண்ணைக்கூடச் சேமிக்காதவர் பொடி வாங்கப்போவதில்லை.

அடுத்தது, பக்கத்து வீடு. மிளகாய் வறுத்தால் தாழ்வாரமே இருமும். துளி எண்ணெயும் ஒரு சிட்டிகை கல்லுப்பும் போட்டு வறுத்தால் நெடி அடங்கும், ஆனாலும் முழுசாக அடங்காது. சனிக்கிழமை காலை அடுப்பு மூட்டுமுன் பக்கத்து வீட்டு மாச்சிக்கு (மலாய்க்கார அம்மா) செய்தி அனுப்புவேன், அவர் துணியை உள்ளே எடுத்துக்கொள்வார். மிளகாயைவிடத் தொல்லை கொடுப்பது காற்றின் ஈரம். இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வறுத்த பருப்பை நம் ஊர் மாதிரித் தாம்பாளத்தில் கொட்டிவிட்டு மறந்தால் ஈரம் இழுத்து, பொடி கட்டி தட்டிவிடும். ஏர்கான் அறையில் ஆறவைத்து உடனே அரைக்க வேண்டும். படுக்கையறையில் பெருங்காய வாசனையோடு தூங்கப் பழகிக்கொண்டோம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, வீட்டில் சமைத்துச் சின்ன அளவில் விற்க சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை, சுகாதார வழிகாட்டுதல்களைப் பின்பற்ற வேண்டும். கடைகளுக்குச் சரக்குப் போடவும் கேட்டரிங் எடுக்கவும் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அந்த வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே இந்த வேலையைச் செய்யலாம், வெளியாள் வைக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது. உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் நடத்தினால் தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டாம். வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும், ஒரு வருடத்துக்கு 115 வெள்ளி.

இந்தக் கட்டுப்பாடுகளை எல்லாரும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இவற்றால்தான் ஒரு விஷயம் தெரிந்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்காரர் மாதம் 50 பாட்டில் போடுங்கள் என்றார். வீட்டில் செய்வதைக் கடைக்குத் தர முடியாது அண்ணே என்றேன். உரிமம் உள்ள சமையற்கூடத்தில் இடம் பிடிக்கலாமே என்றார். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகை கொடுத்து, ஆள் வைத்து, மாதம் இத்தனை பாட்டில் விற்றாலும் நான் வறுக்கப்போவதில்லை, ஆள்களையும் ரசீதுகளையும் மேய்க்கப்போகிறேன். அதைத்தான் அலுவலகத்தில் வாரம் ஐந்து நாள் செய்கிறேன். முடியாது என்று அவரிடம் சொன்னபோது வருத்தமே வரவில்லை, தோளில் இருந்து ஏதோ இறங்கியது. பெரிதாக்கும் ஆசை எனக்கு இல்லை. ஊரில் எல்லாரும் சொல்கிறார்களே என்று இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே வேலையை விடலாமா என்ற கேள்விக்கு, என் வகைத் தொழிலென்றால் விடாதீர்கள். சுயதொழிலில் வருடத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நிகர வருமானம் வந்தால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குச் சந்தா கட்ட வேண்டும். நல்ல வருடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறேன், மற்ற வருடங்களில் அதன் பக்கத்தில் நிற்கிறேன். இதை வைத்து எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சின்னதானாலும் வருமான வரியில் காட்டுங்கள், கணக்குகளை ஐந்து வருடம் வைத்திருங்கள்.

நீங்கள் இங்கே எந்தப் பாஸில் (தங்கும் அனுமதியில்) இருக்கிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. நான் நிரந்தரவாசி, அதனால் மேலே சொன்னதெல்லாம் எனக்குப் பொருந்துகிறது. இங்கே வேலை பார்ப்பவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸ் என்றால் கதை வேறு. 2021 மே 1 முதல் அவர்கள் வேலைக்குப் போகவே தனி வேலை அனுமதி வேண்டும், சொந்தத் தொழிலுக்கும் மனிதவள அமைச்சின் ஒப்புதல் இல்லாமல் இறங்கக் கூடாது. "வீட்டில் செய்து நாலு பேருக்குக் கொடுப்பதுதானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று குழுக்களில் தைரியம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாஸ் போனால் அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள். முதலில் அமைச்சின் இணையதளத்தில் உங்கள் நிலையைப் பார்த்துவிடுங்கள், பாட்டில் லேபிள் டிசைன் அப்புறம்.