வாசலில் கயோட்டி: ரொறொன்ரோ வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூட பஸ்சுக்கு நிற்கும் இடத்தில் இரண்டு தடவை கயோட்டியை (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய காட்டு விலங்கு) கண்டிருக்கிறான். என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

முதலில் ஓடக் கூடாது என்று சொல்லுங்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம், அதை நாம் ஓடி வெல்ல முடியாது. நின்ற இடத்தில் பள்ளிப் பையைத் தலைக்கு மேல் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். பிறகு முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்னால் நகர்ந்து பெரியவர் ஒருவரிடம் போக வேண்டும். வாயால் சொல்வது மட்டும் போதாது. வீட்டுக்குள் நாலு தடவை நடித்துப் பழக்குங்கள். பழகாத பிள்ளைக்கு அந்த நேரத்தில் குரலே வராது. கூடவே சின்னத் தம்பி, தங்கை இருந்தால் நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.

அவனைக் கலவரப்படுத்த வேண்டாம். வட அமெரிக்கா முழுவதிலும் கயோட்டி தாக்கி இறந்ததாகப் பதிவானவர்கள் இரண்டே பேர்: 1981இல் கலிபோர்னியாவில் ஒரு குழந்தை, 2009இல் நோவா ஸ்கோசியாவில் 19 வயதுப் பெண்.

அம்மா அமாவாசை தவறாமல் பின்வளவில் காகத்துக்குச் சோறு வைக்கிறார். அதனால்தான் கயோட்டி வருகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?

உண்மைதான். இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, எங்கள் வீட்டிலும் காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. ஆனால் இங்கே அந்தச் சோற்றுக்குக் காகத்துக்கு முன்பே அணிலும் ரக்கூனும் எலியும் வந்துவிடும். எலியைத் தேடிக் கயோட்டி வரும், மிஞ்சிய சோற்றையும் தின்னும். விழுந்த பழம், நாய்ச் சாப்பாடு, திறந்த குப்பைத் தொட்டி எல்லாம் அப்படித்தான். நாலு நாள் சாப்பாடு கிடைத்த வளவை அது மறக்காது. அங்கே நிற்கும் மனிதரிடம் இருந்த பயமும் போய்விடும்.

வன்கூவர் ஸ்டான்லி பூங்காவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பரில் தொடங்கி ஒரு வருடத்துக்குள் 40 பேருக்கு மேல் தாக்கப்பட்டார்கள். சிலர் தீனி போட்டுப் பழக்கியது அதற்கு முக்கியக் காரணம். கடைசியில் கயோட்டிகளைத்தான் கொன்றார்கள்.

ரொறொன்ரோவில் 2023 முதல் காட்டு விலங்குகளுக்கு உணவு வைப்பதே தடை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். படையலை வீட்டுக்குள் சுவாமி அறையில் வைத்து, பிறகு எல்லோரும் பகிர்ந்து சாப்பிடலாம். பிதிர்களுக்குச் செய்யும் கடமை அதனால் குறைந்துவிடாது.

மே மாதம் ஹைலண்ட் கிரீக் பாதையில் நாயோடு நடந்தபோது ஒரு கயோட்டி எங்களைப் பின்தொடர்ந்தே வந்தது. வேட்டையாடவா?

பெரும்பாலும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும் காலம். பக்கத்தில் வளை இருந்தால், நாயைத் தன் எல்லையிலிருந்து வெளியே அனுப்பும்வரை கூடவே வரும். நாயைக் குட்டையான கயிற்றில் பிடியுங்கள், இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம். சின்ன நாய் என்றால் தூக்கிக்கொண்டு, கயோட்டியைப் பார்த்தபடியே வந்த வழியில் திரும்புங்கள். வளைக்குப் பக்கத்தில் நின்று கத்தி விரட்டப் பார்க்க வேண்டாம், குட்டிகளை விட்டு அது நகராது. கோடை நடுப்பகுதிவரை வேறு பாதையில் போங்கள்.

பட்டப்பகலில் திரிகிறதே, விசர் நோயா?

பகலில் திரிவது மட்டும் நோய்க்கு அடையாளம் இல்லை. குட்டிகளுக்கு இரை தேட அதற்குப் பகலும் வேண்டும். தள்ளாடி நடந்தாலோ, விரட்டியும் நெருங்கி வந்தாலோ நகராட்சியின் 311 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆபத்து உடனடியானது என்றால் 911.

நகராட்சி பிடித்துத் தூரக் காட்டில் விட்டால் என்ன?

ஒன்ராறியோவில் பிடித்த விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும் என்பது சட்டம். கொன்றாலும் காலியான எல்லைக்கு இன்னொரு சோடி வந்துவிடும், சாப்பாடு அங்கேயே இருக்கிறதே. மனிதரைக் கடித்த கயோட்டியின் விஷயம் வேறு, அதை அகற்றத்தான் வேண்டும்.

கடித்துவிட்டால்?

காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். கீறல்தானே என்று விடாமல் அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள். விசர் நோய்த் தடுப்பூசி தேவையா என்று அவர் முடிவு செய்வார். நாயைக் கடித்திருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நீண்ட முடிக்குள் கடிகாயம் வெளியே தெரியாது.