பதில்: பரப்பளவுக் கணக்கில் குத்துயரத்துக்குப் பதில் பக்கத்தை எடுக்கும் மகன்

முக்கோணத்தின் பரப்பளவுச் சூத்திரம் (½ × அடிப்பக்கம் × குத்துயரம்) தெரிந்தும், படம் சாய்ந்தால் உங்கள் மகன் குத்துயரத்துக்குப் பதில் பக்கத்தை எடுத்துத் தடுமாறுகிறான் என்கிறீர்கள். சிக்கல் சூத்திரத்தில் இல்லை. உயரம் என்றாலே தாளில் மேலிருந்து கீழே வரும் கோடு என்று பதிந்துவிட்டது. புத்தகப் படங்களில் அடிப்பக்கம் பெரும்பாலும் படுத்தே இருப்பதன் விளைவு இது.

கவராயத்தால் 13, 14, 15 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணம் வரையச் சொல்லுங்கள். மூலைமட்டத்தின் செங்கோணத்தை ஒட்டிய ஒரு விளிம்பை 14 செ.மீ. பக்கத்தின் மேல் வைத்து, மற்ற விளிம்பு எதிர் உச்சியைத் தொடும்வரை நகர்த்தி, கோடு போடட்டும். உயரம் 12 வரும். பிறகு தாளைத் திருப்பி, 15 செ.மீ. பக்கத்தை அடிப்பக்கமாக வைத்து அதையே செய்தால் 11.2. இரண்டிலும் பரப்பளவு 84 ச.செ.மீ. உயரத்தில் ஒரு மி.மீ. பிசகினால் விடை சுமார் 0.7 மாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். நிறைய விலகினால் மூலைமட்டத்தைப் பாருங்கள்: பலவற்றில் பூச்சியம் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். நீளத்தைத் தனி அளவுகோலால் அளப்பதே நல்லது.

விரிகோண முக்கோணம்தான் உண்மையான சோதனை. கட்டத்தாளில் (0,0), (4,0), (6,3) புள்ளிகளை இணைக்கட்டும். உயரம் வெளியே விழும். அடிப்பக்கத்தை (6,0) வரை புள்ளிக்கோடாக நீட்ட வேண்டும். இங்கே பலர் நீட்டிய 6-ஐயே அடிப்பக்கமாக எடுத்து 9 என்பார்கள். அந்த 9 பெரிய செங்கோண முக்கோணத்தின் பரப்பு; வலப்பக்கச் சிறு முக்கோணத்தின் 3-ஐக் கழித்தால் 6. அதாவது ½ × 4 × 3. கழித்துப் பார்க்காமல் வெறுமனே சொன்னால் நம்பமாட்டான்.