முதலில் அரம், பிறகு தீ: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் கொட்டகையில் முதல் சைக்கிள் பிரேம் செய்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். "நானும் ஆரம்பித்துவிட்டேன்" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சிலர் பாதியில் நிற்கிறார்கள். இம்முறை அவர்களுக்கே முன்னுரிமை.

கேள்வி: வீட்டில் பழைய தண்ணீர்க் குழாய்கள் கிடக்கின்றன. முதல் பிரேமை அவற்றிலேயே செய்து பழகலாமா? இரும்பு இரும்புதானே?

பதில்: இரும்புதான், ஆனால் அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். சூடாக்கினால் வெள்ளைப் புகை எழும். அதைச் சுவாசித்தவர் அன்றிரவு குளிர்காய்ச்சலில் நடுங்குவார். பூச்சைச் சுரண்டி எடுத்தாலும் குழாயின் சுவர் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனம். அதில் செய்த சைக்கிளை நீங்கள் ஓட்ட மாட்டீர்கள், தள்ளிக்கொண்டுதான் போவீர்கள்.

4130 என்ற குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயை வாங்குங்கள். நல்ல சைக்கிள் குழாயின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. நுனிகளில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 என்பது வழக்கமான அளவு. சூடும் வளைவு விசையும் தாக்குவது மூட்டுக்கு அருகில்தான், நடுவில் கனம் இருந்து பயனில்லை. இந்த வகைக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற ஆல்பிரட் ரெனால்ட்ஸ் ஆணி செய்யும் தொழிலில் இருந்தவர். ஆண்டு 1897. இன்றும் நாம் அதே யோசனையில்தான் சவாரி செய்கிறோம்.

முதல் முறை செய்பவர் 0.9, 0.6, 0.9 என்ற சற்றே தடித்த குழாயை வாங்குவது நல்லது. கைப்பிசகைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அறுப்பதற்கு முன் தடித்த பகுதி எது வரை வருகிறது என்று அளந்து, குழாயின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் ஒரே பக்கம் அறுத்துக்கொண்டே போய், தடித்த நுனி முழுவதையும் குப்பையில் போட்டிருக்கிறேன்.

கேள்வி: குழாய்களை அசையாமல் பிடித்து நிறுத்தும் ஜிக் என்ற சட்டம் இல்லாமல் பிரேம் செய்ய முடியுமா?

பதில்: முடியும். தட்டையான பலகை ஒன்றில் பிரேமை முழு அளவில் வரைந்து, வரைபடத்தின் மேலேயே குழாய்களை வைத்துப் பாருங்கள். ஜிக் வாங்கும் பணத்துக்கு நல்ல அரங்கள் நான்கு வாங்கலாம்.

கேள்வி: முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான போர்க்கையும் நானே செய்ய ஆசை. செய்யலாமா?

பதில்: இரண்டாவது பிரேமில் செய்யுங்கள். பின்பக்க மூட்டு விட்டுப்போனால் பெரும்பாலும் சைக்கிள் ஆட்டம் காட்டி எச்சரிக்கும். போர்க் முறிந்தால் எச்சரிக்கை கிடையாது, முகம்தான் தரையில் முதலில் படும். செய்து விற்கும் போர்க் ஒன்றை முதலில் வாங்குங்கள், அதன் உயரத்தை அளந்த பிறகு வரையத் தொடங்குங்கள். போர்க் பத்து மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, போர்க்கின் தண்டு நுழையும் முன்குழாயின் சாய்வு ஏறக்குறைய அரை டிகிரி மாறிவிடும். 73 டிகிரி என்று வரைந்து வைத்துவிட்டு, கையில் கிடைத்த போர்க்கைச் செருகினால் அது 73 ஆக இருக்காது.

கேள்வி: லக் எனப்படும் மூட்டு உறைகளை வைத்து, வெள்ளிக் கம்பியால் பற்றவைத்துப் பழகுகிறேன். வெள்ளி உருகி மணி மணியாக மேலேயே உருண்டு நிற்கிறது. உள்ளே இறங்கவில்லை. தீ போதவில்லையா?

பதில்: தயவுசெய்து தீயைக் கூட்டாதீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: லக்கின் உட்புறத்தை எமரித் தாளால் தேய்த்தீர்களா? குழாயின் வெளிப்புறத்தை எல்லோரும் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். உட்புறம் கண்ணுக்குத் தெரியாததால் அதை விட்டுவிடுகிறார்கள். வெள்ளி போக வேண்டிய வழியில் பாதி அந்தப் பக்கம்தான். தேய்த்த பிறகு விரலால் தொட்டிருந்தால் அதுவும் அழுக்கே.

அடுத்தது இடைவெளி. லக்குக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கும்படி இறுகியிருந்தால் வெள்ளிக்கு வழியில்லை. கடகடவென்று ஆடினால் வெள்ளி ஏறாது. லக்குக்குள் மறைந்துபோகும் குழாய் நுனியையும், அடுத்த குழாயின் வளைவுக்குப் பொருந்தும் பிறையாக அரை வட்ட அரத்தால் குடைந்திருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அரம். என் முதல் பிரேமுக்கு அரத்தோடு உட்கார்ந்தது மூன்று வாரம். தீ எரிந்த நேரம் எல்லாம் கூட்டினாலும் ஒரு மாலைப்பொழுது தேறாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் தீயைப் பற்றிப் பேசலாம். சூட்டில் எஃகின் மேல் ஆக்சைடு படியாமல் காக்கும் பிளக்ஸைக் குழைத்துப் பூசிவிட்டு மூட்டு முழுவதையும் மெல்லச் சூடாக்குங்கள். முதலில் அதில் உள்ள தண்ணீர் கொதித்து வற்றும். பிறகு பிளக்ஸ் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, சுண்ணாம்புக் காரை போல நிற்கும். அவசரக்காரர்கள் இங்கேதான் கம்பியை நீட்டுகிறார்கள். பொறுங்கள். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸில் அந்தக் காரை திடீரென்று இளகித் தெளிந்த நீராகி, எஃகின் மேல் ஈரம் போல மினுங்கும். 56 சதவீத வெள்ளிக் கம்பி 618 டிகிரியில் இளகத் தொடங்கி 652-இல் முழுவதும் உருகிவிடும். எனவே இளகிய பிளக்ஸ்தான் உங்கள் வெப்பமானி.

இப்போது தீயைச் சற்று விலக்கி, கம்பியை லக்கின் ஓரத்தில் தொடுங்கள். கம்பியை உருக்க வேண்டியது எஃகின் சூடு, உங்கள் தீ அல்ல. தீயில் உருக்கிச் சொட்டவிட்டதுதான் உங்களுக்கு மணி மணியாக உருண்டிருக்கிறது. உருகிய வெள்ளி சூடு மிகுந்த பக்கம் ஓடும். அதனால் கம்பியை இந்த ஓரத்தில் வைத்து, தீயை எதிர் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். சில நொடிகளில் அந்த எதிர் ஓரத்தில், மயிரிழை அளவில் ஒரு பளிச்சென்ற கோடு தோன்றும். நடுவில் இருக்கும் இருட்டுப் பாதை முழுவதையும் வெள்ளி கடந்து வந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை பிரேம்களுக்குப் பிறகும் அந்தக் கோடு தோன்றும் வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

மங்கலான அறையில் எஃகு மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் போதும். ஆரஞ்சு நிறம் வந்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டீர்கள். பிளக்ஸ் கருகியிருக்கும், அதற்குப் பிறகு எவ்வளவு வெள்ளி ஊட்டினாலும் பிடிக்காது. ஆறவிட்டுக் கழுவி மறுபடி தொடங்குங்கள். தானாகத்தான் ஆற வேண்டும். சிவந்த மூட்டைத் தண்ணீரில் போட்டால் எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

பழகிய மூட்டுகளை அலமாரியில் வைத்து அழகு பார்க்காதீர்கள். நீளவாட்டில் ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். நான் முதலில் அறுத்த மூட்டு வெளியே கண்ணாடி போல இருந்தது. உள்ளே பாதி இடம் வெறும் கறுப்பு.

கேள்வி: கடைசி மூட்டைப் பற்றவைக்கும்போது ஒரே இடத்தில் பிளக்ஸ் குமிழி விட்டுத் துப்புகிறது. அங்கே ஊசித் துளை விழுந்துவிடுகிறது.

பதில்: குழாய்க்குள் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெளியேற வழி தேடுகிறது. குழாய் சேரும் இடத்தில், மூட்டுக்குள் மறைந்துபோகும்படி மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும் எந்தக் குழாய்க்கும் இது பொருந்தும்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பிளக்ஸ் புகையில் புளோரைடு இருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். காட்மியம் கலந்த வெள்ளிக் கம்பியை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: பிரேம் முடிந்துவிட்டது. பின்சக்கரத்தை மாட்டினால் ரிம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. கோணல் பிரேமிலா, சக்கரத்திலா?

பதில்: சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். செயின் பல்சக்கரம் தவறான பக்கம் இருக்கும், இருக்கட்டும். இப்போது ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் குற்றம் சக்கரத்தின் மேல். மறுபடியும் இடப்பக்கமே ஒதுங்கினால் பிரேம்தான்.

பிரேம் என்றால் நூல் ஒன்றை எடுங்கள். பின்அச்சு உட்காரும் தகடு ஒன்றில் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத் தகட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இருக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு, மூன்று என்றால் பெயின்ட் அடிக்கும் முன் கையாலேயே மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். எஃகு இதற்கு இடம் கொடுக்கும்.

நூல் சரியாக இருந்தும் ரிம் மேலே ஒரு பக்கம் சாய்ந்தால், அச்சுத் தகடுகளில் ஒன்று உயர்ந்திருக்கிறது. 130 மில்லிமீட்டர் அகல அச்சில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு, ரிம்முக்குப் போகும்போது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பார்த்தவுடன் பதறி ரம்பத்தை எடுக்க வேண்டாம். தாழ்ந்திருக்கும் தகட்டின் பள்ளத்தில், மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அராவினால் போதும். சொன்னேன் அல்லவா, மறுபடி அரம்.

கேள்வி: நீங்கள் செய்த மிக மோசமான தவறு எது?

பதில்: இரண்டாவது பிரேம். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் இரு பக்க மரைகளும் ஒன்றல்ல. வழக்கமான 68 மில்லிமீட்டர் கூட்டில் செயின் இருக்கும் வலப்பக்கம், கடிகாரத்துக்கு எதிராகத் திருகினால் இறுகும் இடதுமரை; இடப்பக்கம் சாதாரண வலதுமரை. மிதிக்க மிதிக்க, கூட்டில் திருகி மாட்டும் வலப்பக்கப் பேரிங் கிண்ணம் தளராமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நான் கூட்டைத் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டேன். நான்கு மூட்டுகளிலும் அந்தப் பளிச்சென்ற கோடு முழுவதும் வந்திருந்தது. பெயின்ட்டும் காய்ந்த பிறகு கிண்ணத்தைத் திருக உட்கார்ந்தேன். அரை மணி நேரம் மரையைத் திட்டினேன், பிறகுதான் புரிந்தது.

கூட்டை அறுத்து எடுத்தேன், குழாய்களும் அதோடு போயின. இப்போது புதிய கூடு வாங்கி வந்தால், உறையைப் பிரித்த கையோடு சாக்பீஸால் அதன் மேல் "வலது" என்று எழுதிவிடுகிறேன். பற்றவைக்கும் முன் மனைவியைக் கூப்பிட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்கிறேன்.